நாலு விரலா, அஞ்சு விரலா? பெஸ்தாரி ஜெயா (மலேசியா) ஐபேட் வகுப்பு

மண்டோர் மகன்:
போன ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல பெரியவங்களுக்கு ஐபேட் வகுப்பு நடந்துச்சு. கையில கொடுத்த தாள்ல ரெண்டாவது வரி இது: "ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஐந்து விரலும் கட்டாயம் திரையில் பட வேண்டும்." யார் சொன்னது கட்டாயம்னு? எங்கப்பா முப்பது வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில வேலை செஞ்சவரு. வலது கையில சுண்டு விரல் கிடையாது. அந்த வரியைப் படிச்சிட்டு ஐபேடை உறைக்குள்ள போட்டு அலமாரியில வெச்சிட்டாரு. 2011-ல ஐபேடோட இயங்குதளம் ஐஓஎஸ் 5 வந்தப்பவே, நாலு அல்லது அஞ்சு விரலைப் பக்கவாட்டுல தள்ளணும்னுதான் இருந்துச்சு. நாலு போதும்!

வகுப்பெடுத்தவர்:
தம்பி, தாளை எழுதினது நான்தான். வீட்டுல உட்கார்ந்து குத்தம் சொல்றது சுலபம். நாலு விரல் வெச்சு அதுல ஒண்ணு சரியாப் படலன்னா, மூணுன்னு எடுத்துக்கும். 2019-ல ஐபேட்ஓஎஸ் 13 (ஐபேட் இயங்குதளத்துக்கு அப்பலேருந்து அதான் பேரு) வந்ததிலிருந்து எழுதுற இடத்துல மூணு விரலைக் குவிச்சா காப்பி, இடது பக்கம் தள்ளினா கடைசியா எழுதினது போயிடும். ஒரு பாட்டி பேத்திக்கு எழுதின சேதி என் கண்ணு முன்னாலயே ரெண்டு தடவை காணாமப் போச்சு. மரம் சீவி காய்ச்சுப்போன கை, எல்லா விரலும் ஒரே மாதிரி படாது. அஞ்சு வெச்சா ஒண்ணு படலன்னாலும் நாலு மிஞ்சும். அதான் அஞ்சு.

மண்டோர் மகன்:
அப்படின்னா "அஞ்சு வெச்சா நல்லது"ன்னு எழுதியிருக்கணும். கட்டாயம்னு ஏன் எழுதுனீங்க? செட்டிங்ஸ்ல மல்டிடாஸ்கிங் பகுதிக்குள்ள போய்ப் பாருங்க. அந்த வசதியோட பேரே "ஃபோர் அண்ட் ஃபைவ் ஃபிங்கர் ஜெஸ்சர்ஸ்". நாலுதான் முதல்ல நிக்குது.

வகுப்பெடுத்தவர்:
இடது கையில அஞ்சும் இருக்கும்ல? அந்தக் கையால தள்ளச் சொல்லுங்க.

மண்டோர் மகன்:
இடது கையிலதான் ஐபேடையே பிடிச்சிருக்காரு! வாத்தியார்னு சொல்லிக்கிறவரு பேசுற பேச்சா இது?

கோமளம்:
ஏன் தம்பி சண்டை? கீழ் விளிம்புலேருந்து ஒரு விரலால மேல தள்ளி, நடுவுல கொஞ்சம் நிறுத்தினா திறந்து வெச்சது எல்லாம் வரிசையா வந்து நிக்கும். எங்க அத்தை அப்படித்தான் செய்யுறாங்க.

மண்டோர் மகன்:
அக்கா, அது வேற பேச்சு. நான் கேட்கிறது அந்த ரெண்டாவது வரியை.

சாம்சங் ரசிகன்:
2012-லயே கேலக்ஸி நோட் 10.1-ல ரெண்டு செயலியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். ஐபேடுக்கு அது வர 2015 ஆச்சு, ஐஓஎஸ் 9-ல. ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கிறதுதான் மல்டிடாஸ்கிங். நீங்க சண்டை போடுறது வெறும் மாத்துறதுக்கு.

மண்டோர் மகன்:
அண்ணே, உங்க டேப்லெட்டைப் பத்தி யாரும் கேக்கல. எங்கப்பா சிங்கப்பூர்ல இருக்கிற பேரனோட வீடியோவுல பேசிக்கிட்டே பேப்பர் படிக்கணும்னுதான் அதை வாங்கிக் கொடுத்தேன். 1,800 வெள்ளி (ரிங்கிட்). ஐபேடுக்குன்னு வாட்ஸ்அப் தனியா வந்ததே 2025 மே மாசம்தான், அதுக்குக் காத்திருந்து வாங்கினது. இப்ப அலமாரியில கிடக்கு.

வகுப்பெடுத்தவர்:
என் வகுப்புக்கு முன்னாடி மட்டும் எத்தனை நாள் தொட்டாராம்?

ஆலை லயத்துக்காரன்:
சார், தாள்ல இன்னொரு குறையும் இருக்கு. ஐபேட்ஓஎஸ் 26 போட்டதும் ஸ்லைட் ஓவர், அதாவது ஒரு செயலி மேல இன்னொண்ணைச் சின்னதா மிதக்க விடுற வசதி, போயிடுச்சு, 26.1-லதான் திரும்ப வந்துச்சு. பழைய முறையையே படம் போட்டுக் காட்டியிருக்கீங்க. புதுசுல சன்னலோட மூலையை இழுத்துச் சின்னதாக்கணும்.

வகுப்பெடுத்தவர்:
நீ மைக் வாடகைக்குத் தர்றேன்னு சொன்ன 50 வெள்ளி இன்னும் வரல. அதை முதல்ல கொடு, அப்புறம் படத்தைப் பத்திப் பேசு.

ஆலை லயத்துக்காரன்:
மைக் கரகரன்னு இருந்துச்சு, பின்வரிசைக்கு ஒண்ணும் கேக்கல. அதுக்கு எதுக்குக் காசு? தலைப்புல ஊர்ப் பேரையும் மாத்துங்க. 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தினாலும் எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான்.

சாம்சங் ரசிகன்:
அதுக்குப் பக்கத்துல "தென்னமரம்"னு பேருள்ள தோட்டம். 1917-ல இந்த நாட்டுலயே முதல்ல வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட இடம். அப்படிப்பட்ட ஊர்ல விரலை எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

மண்டோர் மகன்:
அந்தச் செம்பனைக்குத்தான் எங்கப்பா விரலைக் கொடுத்தாரு. அதனாலதான் எண்ணுறேன். நேத்து ராத்திரி அலமாரியிலிருந்து எடுத்து மடியில வெச்சேன். கட்டை விரலை மடக்கச் சொல்லாம, இருக்கிற நாலையும் விரிச்சு அப்படியே இடது பக்கம் தள்ளச் சொன்னேன். முதல் தடவை நகரல. ரெண்டாவது தடவை பேப்பர் போய் பேரன் வந்துட்டான். நாலு விரல். காணொளி எடுத்து வெச்சிருக்கேன்.

வகுப்பெடுத்தவர்:
முதல் தடவை நகரலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதைத்தான் நானும் சொன்னேன்.

மண்டோர் மகன்:
ரெண்டாவது தடவை நகர்ந்துச்சு! அடுத்த வகுப்புத் தாள்ல "கட்டாயம்" இருக்கக் கூடாது.

வகுப்பெடுத்தவர்:
ஏற்கெனவே நூறு தாள் அச்சடிச்சாச்சு.

கோமளம்:
அடுத்த வகுப்பு எத்தனை மணிக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.