பொருள்: தொட்டால் விடை தரும் வரைபடம் – சொல் வேண்டும்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான சுற்றுச்சூழல் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். 'இன்டராக்டிவ் மேப்' வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பாடம் மத்திய ஆசியாவின் ஏரல் கடல் வற்றியதைப் பற்றியது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட உலக நீர்ப்பரப்புப் படத்தை மாணவர்கள் திறந்து பார்ப்பார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் எடுத்த சுமார் 30 லட்சம் படங்களிலிருந்து செய்தது. நீர் குறைந்த இடம் சிவப்பு, கூடிய இடம் பச்சை. 'ஊடாடும் வரைபடம்' சரியா?
– க.

ஊடாடும் வேண்டாம் ஐயா. ஊடு என்றால் இடை, நடு. ஊடறு, ஊடுருவு எல்லாம் அந்த வழி வந்தவை. ஊடாடுவது என்றால் நடுவே புகுந்து பழகுவது. படத்துக்குள் யார் புகுகிறார்கள்? மாணவர்களுக்கோ முதலில் ஊடல்தான் நினைவுக்கு வரும், குறளின் 133ஆம் அதிகாரம் வரை போய்விடுவார்கள். 'வினவுபடம்' என்போம். நல்ல வினைத்தொகை.
– மா.

வினவுபடம் என்றால் படம் நம்மை வினவுவதாக ஆகாதா?
– க.

குடிநீர் எதையும் குடிப்பதில்லையே!
– மா.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சண்டை சொல்லின் முன்பாதியில் நடக்கிறது, சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் 'வரைபடம்' கிராஃபையும் குறிக்கும். நாங்கள் அதை வரைபு என்போம், மேப்பை நிலப்படம் என்போம். நீர்மட்டம் இறங்கியதைக் காட்டும் கிராஃபும் அதே பாடத்தில் இருக்குமே, அப்போது என்ன செய்வீர்கள்?
– சி.

இருக்கிறது அண்ணா, அடுத்த பக்கத்திலேயே. ஆனால் கடலைக் காட்டுவதை நிலப்படம் என்பதா?
– க.

நானிலத்தில் நெய்தலும் ஒன்று, தம்பி.
– சி.

நான் வகுப்பெடுப்பவள். போன வருடம் அச்சிட்ட இரண்டு படங்களைக் காட்டினேன், கடல் இருந்தது, இல்லை. "நடுவில் என்னாச்சு மிஸ்?" என்றான் ஒருவன். பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிய கதையைச் சொன்னேன், தலையாட்டினார்கள், அவ்வளவுதான். இந்த வருடம் கணினியில் ஆண்டுகளை அவர்களே நகர்த்தினார்கள். தெற்கே தண்ணீர் விலகிக்கொண்டே போனது. 2005இல் கடலின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் கோக்கரல் அணை கட்டிய பிறகு வடக்கே மட்டும் மீண்டது. "அணை தெற்குக்குத் தண்ணீர் விடாதா?" என்று அவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படம். அது சொல்லில் தெரிந்தால் நல்லது, ஆனால் பத்து வயதுத் தங்கையிடம் சொன்னாலும் புரியவேண்டும். ஊடாடு, வினவு இரண்டுமே அவளுக்குப் புதுசு. 'தொடுபடம்' ஆகாதா?
– தே.

அம்மா, சுட்டியால் பார்ப்பவர் எதைத் தொடுகிறார்? இடைத்தாக்கம் என்று எங்கள் அறிவியல் நூல்களில் உண்டு. ஆனால் 'இடைத்தாக்க நிலப்படம்' என்று நானே கேட்கமாட்டேன்.
– சி.

நாள் நெருங்கிவிட்டது. இங்கே எழுதாதவர்களின் வாக்கையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்: நிலப்படத்துக்கு மறுப்பில்லை. முன்பாதிக்கு ஊடாடு நான்கு, வினவு ஒன்று, தொடு ஒன்று. 'ஊடாடு நிலப்படம்' என்றே கொடுக்கிறேன். முதல் முறை வரும்போது 'தொட்டால் விடை தரும் படம்' என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.
– க.

சேருங்கள். அந்த விளக்கம்தான் வினவுபடம். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.
– மா.

சரி ஐயா. அப்புறம், 'லேயர்' நாலாம் பக்கத்தில் வருகிறது. அடுக்கா, படலமா?
– க.