ரெசினுக்குப் ‘பிசின்’ வேண்டாம்: குங்கிலியம், அரக்கு, மெருகுப்பால்

> ரெசின் என்பதற்குத் தமிழில் பிசின் என்றே போட்டுவிடலாமே? புழக்கத்தில் இருக்கும் சொல்தானே.

போட்டால் வார்னிஷ் செய்பவருக்குச் சரக்கு வீணாகும், ஐயா. கருவேலம்பிசின் தண்ணீரில் கரையும். ஸ்பிரிட்டிலும் டர்பன்டைனிலும் கரையாது. மர ரெசினான குங்கிலியம் நேர்மாறு. தணலில் ஒரு துண்டு போட்டால் போதும்: பிசின் உருகாமல் கருகும், குங்கிலியம் உருகிப் புகைந்து மணக்கும்.

மர ரெசினுக்குக் குங்கிலியத்தையே பொதுப்பெயராக்கலாம். பைனி மரத்தில் வடிவது வெள்ளைக் குங்கிலியம். கருங்குங்கிலியம் தரும் மரமோ வேறு குடும்பம். தமிழ் முன்பே பொதுமைப்படுத்திவிட்டது. மலாய் மொழியில் ‘டாமர்’ என்பதும் இப்படிப் பொதுச்சொல்தான்.

> கடையில் குங்கிலியம் என்றால் ஏதோ ஒன்றைத் தருவார்களே?

அதனால்தான் அடைமொழி. டாமர், கோப்பல் இரண்டும் வார்னிஷுக்கான மர ரெசின்கள். டாமர்க் குங்கிலியம், கோப்பல் குங்கிலியம் என்று பிரித்து எழுதுவோம், ஏனென்றால் இரண்டுக்கும் செய்முறையே வேறு. டாமர் எடையில் 1 பங்குக்கு டர்பன்டைன் 3 பங்கு. மெல்லிய துணியில் முடிந்து மூடிய சாடிக்குள் தொங்கவிட்டால் 2, 3 நாளில் சூடில்லாமல் கரையும். பட்டையும் மண்ணும் துணியில் நிற்கும். பைன் மர டர்பன்டைனாக இருக்க வேண்டும். பெயிண்ட் கடை மினரல் டர்பன்டைனில் முழுதும் கரையாமல் கலங்கும். கடினக் கோப்பல் இதற்கெல்லாம் மசியாது. 300 டிகிரி செல்சியஸை ஒட்டி உருக்கி, எடையில் ஒரு பகுதி ஆவியாகப் போன பிறகே ஆளிவிதை எண்ணெயோடு சேரும். அரைகுறையாக உருக்கினால் எண்ணெயில் சேராமல் பிரிந்துவிடும். அந்த ஆவி தீப்பற்றும். திறந்த அடுப்பு கூடாது.

> லாக்கர் (மரச்சாமானில் பூசும் பளபளப்புப் பூச்சு) = அரக்கு. இதிலாவது சிக்கல் இல்லையே?

இதில்தான் பெரிய சிக்கல். அரக்கு பூச்சி சுரப்பது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்ததும் காயும். ஈரக்காற்றில் பூசினால் வெளுத்துப்போகும். லாக்கர் என்றே சொல்லப்படும் ஜப்பானின் ‘உருஷி’ என்பதோ மரத்துப் பால். அதிலுள்ள நொதி வேலைசெய்து இறுகுவதற்குக் காற்றில் 70 முதல் 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். வறண்ட இடத்தில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். இதற்கு ‘மெருகுப்பால்’ என்பது என் பரிந்துரை.

> அப்படியானால் எபாக்சி குங்கிலியம் என்றும் எழுதுவீர்களா?

இல்லை. எபாக்சி, அல்கிட் போன்ற செயற்கை ரெசின்கள் எல்லாம் ரெசின் என்றே இருக்கட்டும். டப்பாவில் அந்தப் பெயர்தான் அச்சாகி வருகிறது.