தீம் பார்க்கில் களைத்து விழாமல் சுற்றுவது எப்படி? போய் வந்த திருகோணமலைக்காரர் சொல்லுங்கள்

உவர்மலை அக்கா:
ஆகஸ்ட் விடுமுறைக்கு சிங்கப்பூர் போகிறவர்கள் ஆளாளுக்குத் தனியாகக் கேட்கிறீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் போனது இவரும் நானும், இரண்டு பிள்ளைகள், மாமி. மாமிக்கு முழங்கால் நோ. செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் பிள்ளைகளின் ஒரே கனவு.

முதலில் வெயில். 35 பாகையில் காயும் எங்களுக்கு சிங்கப்பூரின் 31, 32 எம்மாத்திரம் என்றுதான் இவரும் சொன்னார். இங்கே ஆனி ஆடியில் அடிப்பது கச்சான் காற்று, வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும். அங்கே காற்று முழுக்க ஈரம். வியர்வை காயாமல் சட்டை முதுகோடு ஒட்டியபடியே இருக்கும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! சின்னவன் பதினொரு மணிக்கே முகம் சிவந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிணுங்கத் தொடங்கினான். பார்க்கிறவர்களுக்கு அது அடம் மாதிரித்தான் தெரியும். நிழலில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, கழுத்தில் ஈரத்துணி போட்டு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) கொடுத்த பிறகுதான் பழைய வாய் திரும்பி வந்தது. ஜீவனியை பக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கையிலிருக்கும் சின்னப் போத்தலில் முழுவதையும் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, போய் இறங்கிய அன்றே பூங்காவுக்கு ஓடாதீர்கள். இங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு நடுச்சாம விமானம், காலையில் இறங்கும்போது கடிகாரம் வேறு இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடியிருக்கும். நாங்கள் அன்று குளித்து, லிட்டில் இந்தியாவில் சோறு சாப்பிட்டுப் படுத்ததோடு சரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நடுப்பகல். எங்கள் ஊர்க் கோட்டை வாசல் மான்களே பன்னிரண்டு மணிக்கு நிழலைத் தேடிப் படுத்துவிடும், எங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? கோணேசர் கோயிலுக்கு அந்த நேரத்தில் வெறுங்காலோடு ஏறுவோமா? ஊரில் இருக்கும் இந்தப் புத்தி, காசு கொடுத்து ரிக்கெற் வாங்கியதும் எங்கே போகிறதோ தெரியவில்லை. நாங்கள் திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய், வெளியில் வரிசை நிற்கும் சவாரிகளை முதலில் முடித்தோம். பன்னிரண்டரைக்கு கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, மோனோரயிலில் விவோசிற்றி கடைத்தொகுதிக்குப் போய்ச் சாப்பிட்டு, ஏசிக் குளிரில் இருந்துவிட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். அதே ரிக்கெற்றில் அன்றைக்கே மறுபடி விடுவார்கள், ஆனால் வெளியேறும்போதே கேட்டு உறுதிப்படுத்துங்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் இடிமழை அடித்திருக்கிறது. மின்னல் என்றால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் நின்றிருந்தால் வரிசையும் போய் நேரமும் போயிருக்கும்.

நிலாவெளித் தம்பி:
அக்கா, கோபிக்க வேண்டாம். அவ்வளவு காசு கொடுத்துவிட்டு மூன்றரை மணித்தியாலம் வெளியே போய் இருப்பதா? நானும் கூட்டாளிகளும் திறந்ததிலிருந்து மூடும்வரை உள்ளேதான். மத்தியானத்தில் கூரைக்குள் இருக்கும் சவாரிகளைப் பிடித்தோம். ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ், மம்மி இரண்டுமே உள்ளுக்குள், நல்ல குளிர். தனி ஆளாகப் போகிறவர்களுக்கு சில சவாரிகளில் வேறு வரிசை உண்டு, அதில் நின்றால் பக்கத்தில் கூட்டாளி இருக்கமாட்டான், ஆனால் கெதியாக ஏறிவிடலாம். பசியைத்தான் யோசிக்கவில்லை. மூன்று மணிக்கு எல்லோரும் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்திவிட்டோம், ஹா ஹா. டைனோசர் பகுதியின் தண்ணீர்ச் சவாரியில் ஜீன்ஸோடு ஏறாதீர்கள். நனைந்த ஜீன்ஸ் தொடையை உரசி, இரவு நடந்த நடையைச் சொல்லவே தேவையில்லை.

உவர்மலை அக்கா:
தம்பி, உங்கள் வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்! பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: வீட்டிலேயே உயரத்தை அளந்து, பூங்காவின் இணையப்பக்கத்தில் எந்தச் சவாரிக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வையுங்கள். மம்மி சவாரிக்கு 122 சென்ரிமீற்றர். வரிசையின் முனையில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அழுகை தாங்க ஏலாது. பெரியவள் ஏறும்போது சின்னவனோடு இவர் நின்றார், அவள் வந்ததும் திரும்ப வரிசையில் நிற்காமல் இவர் மாறி ஏறினார். வாசலில் நிற்கும் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தம்பலகாமத்தான்:
நான் பாரிஸ் டிஸ்னிலாண்ட் கதை சொல்கிறேன். அது திறந்தது 1992இல். அண்ணா பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த வருடம்தான், உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு விசா கிடைத்தால் அங்கே கூட்டிப்போவேன் என்று அப்போதே சொல்லிவைத்தாராம். அம்மாவுக்கு எழுபது கடந்த பிறகுதான் அது நடந்தது, நானும் கூடப் போனேன்.

அங்கே பிரச்சினை வெயில் இல்லை, குளிர். சித்திரை மாதம் என்றால் எங்களுக்குக் கொளுத்தும், அங்கே வெட்டவெளியில் காற்று ஊசி குத்தும். அம்மா சேலைக்கு மேல் அண்ணாவின் ஜக்கற்றும் காலில் இரட்டைச் சொக்ஸுமாக நின்றார். நுழைந்ததும் வரும் பிரதான வீதியின் இரண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் நடுத் தெருவில் மழையில் நனைகிறார்கள். நாங்கள் போகவும் வரவும் அதற்குள்ளால்தான். நடக்க ஏலாதவர்களுக்கு ரயில் அருமை. பூங்காவைச் சுற்றி ஓடும், நாலு தரிப்பிடம். அம்மா அதில் வட்டமடித்ததையே ‘டிஸ்னி பார்த்தது’ என்று இன்றைக்கும் சொல்கிறார். பொம்மைகள் பாடும் படகுச் சவாரியும் இருந்தபடியே போகலாம், ஆட்டம் அசைவு இல்லை.

வாணவேடிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. கோடையில் அங்கே இருட்டவே பத்து மணி தாண்டும். வேடிக்கை முடிந்ததும் முழுச் சனமும் பாரிஸுக்குப் போகும் ஆர்.ஈ.ஆர். புறநகர் ரயிலுக்குத்தான் ஓடும். பாரிஸ் நடுவுக்கு நாற்பது நிமிடம், நின்றுகொண்டு போகும் நிலை. வயதானவர் இருந்தால் அதை விட்டுவிட்டு முன்னுக்கே கிளம்புங்கள். நாங்கள் அப்படித்தான் வந்து, பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். அம்மாவுக்கு வேடிக்கையைவிட அதுதான் பிடித்தது.

மூதூர் ரீச்சர்:
வெளிநாடு போகாதவர்களுக்கும் இரண்டு வரி. பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புப் பக்கம் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். இரவு முழுக்க பஸ், விடிந்ததும் தண்ணீர். மத்தியானத்துக்குள் பாதிப் பிள்ளைகளுக்குத் தலையிடி. தண்ணீருக்குள் நிற்கும் பிள்ளைக்கு விடாய் தெரியாது, ஆனால் உடம்பு காய்ந்துகொண்டுதான் இருக்கும். விசிலடித்து ஏற்றி, ஆளுக்கொரு குவளை குடிக்க வைத்துத்தான் திரும்ப இறக்கினேன். புதுச் சப்பாத்து வாங்கிக்கொடுத்து அனுப்பும் பெற்றோர் தயவுசெய்து இரண்டு கிழமை முன்னரே போட வையுங்கள். கொப்பளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டியே எனக்கு அன்றைய பொழுது போனது.

தம்பலகாமத்தான்:
அக்கா, மாமியைச் சொல்லவில்லையே? முழங்கால் நோவோடு எப்படி? எங்கள் அம்மா சக்கரநாற்காலி என்றதும் ‘நான் என்ன ஏலாத கட்டையா’ என்று ஏசினார்.

உவர்மலை அக்கா:
அதே வசனம்தான் அண்ணா! வாசலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்தோம். மாமி கிட்டவும் வரவில்லை. சரி என்று பைகள், தண்ணீர்ப் போத்தல், சின்னவனின் தொப்பி எல்லாவற்றையும் அதில் அடுக்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். எகிப்துப் பகுதி வரும்வரை பேசாமல் வந்தார். அங்கே நின்று முழங்காலைத் தடவிவிட்டு, ‘பைக்கு இருக்கிற சுகம் எனக்கு இல்லை’ என்று சொல்லி, எல்லாவற்றையும் தூக்கி இவரின் கையில் கொடுத்துவிட்டு ஏறி இருந்துவிட்டார். மாலைவரை இறங்கவில்லை, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பாதை காட்டியதும் அவர்தான்.