2.5 கிலோ ஏரோபாட்டிக் மாடலுக்கு எந்த எஞ்சின்: டூ ஸ்ட்ரோக் 46-ஆ, ஃபோர் ஸ்ட்ரோக் 70-ஆ?

பால்சாத்தூசி:

வணக்கம். உயர்இறக்கைப் பயிற்சி மாடல் விமானம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக 46 அளவு (0.46 கன அங்குலம், அதாவது 7.5 சிசி) டூ ஸ்ட்ரோக் குளோ எஞ்சினில் (பிளக்கின் சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் வகை) பறக்கவிட்டு வருகிறேன். இப்போது நடுஇறக்கை ஏரோபாட்டிக் மாடல் ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இறக்கை 1.42 மீட்டர், பறக்கும் எடை 2.5 கிலோவுக்குள் நிற்கும் என்பது என் கணக்கு. வரைபடத்தில் 46 டூ ஸ்ட்ரோக் அல்லது 70 ஃபோர் ஸ்ட்ரோக் என்று போட்டிருக்கிறது. லூப் (செங்குத்து வட்டம்), மெதுவான ரோல் (நீள அச்சில் உருளுதல்), ஸ்டால் டர்ன் (செங்குத்தாக ஏறி நின்று, பக்கவாட்டில் திரும்பி இறங்குதல்), தலைகீழ்ப் பறப்பு ஆகியவற்றை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வதே நோக்கம். புரொப்பெல்லரில் தொங்கவிடும் 3டி வித்தைகளில் எனக்கு ஆர்வம் இல்லை. பழைய 46 எஞ்சினையே மாற்றிப் பொருத்தலாமா, அதே மவுண்டில் உட்காரும் 55-க்குப் போகலாமா, அல்லது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதுதான் சரியா? குதிரைத்திறனை ஒப்பிட்டால் 46-ம் 70-ம் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரிவதால் குழப்பமாக இருக்கிறது.

மேகமட்டம்:

குதிரைத்திறன் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 46 எஞ்சினுக்குப் பெட்டியில் அச்சிடும் 1.6 குதிரைத்திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16,000 சுற்றில் கிடைப்பது; 11 அங்குல விட்டமும் 6 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட புரொப்பெல்லரை மாட்டினால் தரையில் 12,000 சுற்றைத் தாண்டுவதே அரிது. எனவே கணக்கைப் புரொப்பெல்லரிலிருந்து தொடங்குங்கள். 6 அங்குலப் பிட்ச், 12,000 சுற்று என்றால் காற்றை நழுவவிடாமல் போனால் மணிக்கு 110 கிலோமீட்டர் வருகிறது. 70 ஃபோர் ஸ்ட்ரோக் அதே பிட்சில் 13 அங்குல விட்டத்தை 9,500 சுற்றில் சுழற்றினால் 87 கிலோமீட்டர்தான். காகிதத்தில் இது குறையாகத் தெரியும். ஏரோபாட்டிக்கில் இதுவே நிறை.

லூப்பின் மறுபாதியில் மாடல் மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். த்ராட்டிலைக் குறைத்ததும் பெரிய விட்டமும் குறைந்த பிட்சும் கொண்ட புரொப்பெல்லர் காற்றுக்குக் குறுக்கே தட்டைப் பிடித்ததுபோல் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிறிய புரொப்பெல்லரோ அந்த இடத்தில் மாடலை ஓடவிட்டுவிடுகிறது, நாம் பயந்துபோய் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அதிகமாக இழுக்க, வட்டமாக வர வேண்டிய லூப் முட்டை வடிவத்தில் முடிகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒரே அளவு குச்சி அசைவுக்கு ஒரே அளவு பதில் கிடைக்கும், கைக்கும் அது சீக்கிரம் பழகும். ஸ்டால் டர்னிலும் அப்படித்தான்: மேலே நின்றுவிட்ட மாடலைத் திருப்புவது ரடர்மீது (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) புரொப்பெல்லர் வீசும் காற்று மட்டுமே. என் ஓட்டு 70-க்கு. 55 இந்த நோக்கத்துக்குத் தேவையில்லை. முழுத் த்ராட்டிலில் பறக்கும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும்.

ஊசித்திருகு:

மேலே சொன்ன காரணம் சரி, ஆனால் அதிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியே ஆக வேண்டும் என்ற முடிவு வராது. கையில் இருக்கும் 46-இல் 12 அங்குல விட்டம், 4 அங்குலப் பிட்ச் கொண்ட புரொப்பெல்லரை மாட்டிப் பாருங்கள். 12,000 சுற்றிலும் கணக்கு மணிக்கு 73 கிலோமீட்டரைத் தாண்டாது. இறங்கும்போது தடுப்பும் நன்றாகக் கிடைக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் மாடல் திணறும் என்பது உண்மை, அன்று 11-க்கு 5 மாட்டிக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளி பார்க்கும் வேலை டூ ஸ்ட்ரோக்கில் கிடையாது (ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் உள்ளே நிற்க வேண்டும்). கற்கும் காலத்தில் மூக்கு ஒருமுறையாவது மண்ணில் குத்தும் என்பதையும் யோசியுங்கள்.

எந்த எஞ்சினானாலும் கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சரிசெய்வதில் அவசரம் கூடாது. முழுத் த்ராட்டிலில் சுற்று உச்சத்தைத் தொட்டபின் 200 முதல் 300 சுற்றுவரை குறையும்படி ஊசியைத் திறந்து வையுங்கள். பிறகு மாடலை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பத்து வினாடி ஒலியைக் கேளுங்கள். ஒலி லேசாகக் கூர்மையானால் சரி. முதலில் ஏறிப் பிறகு தளர்ந்தால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். அதே தளர்ச்சி வானத்தில் செங்குத்தாக ஏறும்போது வந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

ஆறுசெல்:

மின்மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லையே! இந்த வகைப் பறப்புக்குக் கிலோவுக்கு 350 வாட் என்று வைத்தால் 2.5 கிலோவுக்கு 875 வாட். 6 செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் 22.2 வோல்ட்டில் அது 40 ஆம்பியர் அளவில் வரும். பறந்துகொண்டிருக்கும்போது எடை குறையாது, ஈர்ப்பு மையமும் நகராது. குளோ மாடலில் முன்னால் உள்ள டேங்க் காலியாகக் காலியாக மையம் பின்னோக்கிப் போகும், அதனால்தான் டேங்கைக் காலியாக வைத்து மையத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். குறை என்றால் பறக்கும் நேரம்தான்: ஆறேழு நிமிடத்துக்கு ஒரு பேட்டரி, நாளுக்கு நான்கு முறை பறக்க நான்கு பேட்டரி.

பால்சாத்தூசி:

மூவருக்கும் நன்றி. மின்மோட்டார் யோசனை நல்லதுதான், ஆனால் எரிபொருள் பெட்டியும் ஸ்டார்ட்டரும் ஏற்கனவே கையில் இருப்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நேற்று இரவு இறக்கையைப் பூட்டி, 46 எஞ்சினை வெறுமனே மவுண்டில் கட்டி, ஈர்ப்பு மையம் வர வேண்டிய இடத்தில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வால் உடனே கீழே போயிற்று. வால் இறக்கையைக் கடினமான பால்சாவில் செய்தது என் தவறு. மூக்கில் 90 கிராம் ஈயம் வைத்தபிறகே மட்டமாக நின்றது. சைலன்சரோடு சேர்த்து 70 ஃபோர் ஸ்ட்ரோக் என் 46-ஐவிடச் சுமார் 110 கிராம் கூடுதல். ஈயத்தைச் சுமப்பதற்குப் பதில் எஞ்சினையே சுமக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். 13 அங்குலப் புரொப்பெல்லருக்குத் தரை இடைவெளி 15 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது, அதனால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

மேகமட்டம்:

புல்தரை என்றால் 15 மில்லிமீட்டர் போதாது, சக்கரத்தோடு கால் கம்பியையும் நீட்டுங்கள். டேங்கை ஒட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: பல ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கார்புரேட்டர் பின்பக்கத்தில், தாழ்வாக இருக்கும். 46-க்காகக் குறித்த உயரத்திலேயே டேங்கை வைத்தால் எரிபொருள் தானாக வழிந்து எஞ்சினை நிரப்பிவிடும். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் ஊசி மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரட்டும்.