'சைட்டேஷன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

உதகமண்டலத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பொருளறிவியலிலும் மின்னணுவியலிலும் ஆய்வு செய்யும் ஒருவர் அடுத்த வாரம் எங்கள் கல்லூரியில் உரையாற்ற வருகிறார். அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதி வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். கட்டுரைப் பட்டியலைத் தமிழாக்கிவிட்டேன். 'சைட்டேஷன்', அதாவது ஒருவருடைய கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் இறுதிப் பட்டியலில் காட்டுவது, வரும் இடத்தில்தான் நின்றுவிட்டேன். 'மேற்கோள்' என்று எழுதினால், அவருடைய வாக்கியங்களைப் பிறர் மேற்கோள் குறிக்குள் எடுத்துப் போட்டார்கள் என்றே மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை அளக்க 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச் சுட்டெண்ணையும் விளக்க வேண்டும். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 6, 4, 1 முறை … பட்டிருந்தால் அவருடைய எண் 4. ஏனெனில் நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு முறை … பட்டுள்ளன. அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் எந்த வினையை வைப்பது?

கொடைக்கானலிலிருந்து:

மேற்கோளை அவ்வளவு எளிதில் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கொள் என்னும் முதனிலை நீண்டு கோள் ஆயிற்று. நன்னூல் பாயிரத்தில் 'முன்னோரின் வேறுநூல் செய்துமெனும் மேற்கோளில்' என்று வரும்போது அதற்கு 'உறுதிப்பாடு' என்றே பொருள். அதாவது, மேற்கொள்வது என்பது ஏற்று நிற்பது. எழுதிக்கொண்டே வரும்போது இதுவே எனக்குத் தடையாகவும் தெரிகிறது. அதே நன்னூல் கூறும் எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளில், உடன்படலும் உண்டு, மறுத்தலும் உண்டு, 'பிறர்நூல் குற்றம் காட்டல்' என்பதும் உண்டு. ஒரு மென்படலத்தின் கடத்துதிறன் அளவீடு தவறு என்று நிறுவ எழுதப்பட்ட கட்டுரைகூட, அந்தப் பழைய கட்டுரையின் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடுகிறது. ஆகையால் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கலவாத சொல் வேண்டும். 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்றார் தொல்காப்பியர். சுட்டுவது காட்டுவதோடு நின்றுவிடும். காட்டப்படுவது நல்லதா தீயதா என்று அது சொல்வதில்லை. 'சுட்டுகை' என்பது என் பரிந்துரை.

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, 'இன்டெக்ஸ்' என்பதற்குச் சுட்டெண் என்று ஏற்கெனவே வழங்குகிறோம். 'சுட்டுகைச் சுட்டெண்' என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரண்டாம் முறை சொல்ல மாட்டீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். அங்கே பள்ளிக்கூடம் போன என் மாமா மின்னணுவியலை இன்றும் 'இலத்திரனியல்' என்றுதான் சொல்வார். ஒரு துறைக்கே இரண்டு பெயர் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு புதுச்சொல்லைக் கட்ட நான் அஞ்சுகிறேன். ஒரு கட்டுரையின் இறுதியில் வரும் நூற்பட்டியலுக்கு இலங்கையில் நன்கு வேரூன்றிய 'உசாத்துணை' என்ற சொல்லை நினைவூட்டுகிறேன். உசாவுதல் என்றால் கலந்து கேட்டல். ஆனால் நான் யாரையெல்லாம் உசாவினேன் என்பதே அந்தப் பட்டியல். நமக்கு வேண்டியது, என்னை எத்தனை பேர் உசாவினார்கள் என்பது. ஒரே கயிற்றின் இரு முனைகள் இவை. ஆகவே வினை செயப்பாட்டு வினையாக இருந்தால் போதும்: 'எடுத்தாளப்பட்ட எண்ணிக்கை'. இதற்கு அகராதியும் வேண்டியதில்லை, விளக்கமும் வேண்டியதில்லை.

குன்னூரிலிருந்து:

என் வகுப்பில் வீட்டில் படுகு பேசுபவர்களும் மலையாளம் பேசுபவர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் சைட்டேஷன் என்றே சொல்கிறார்கள். தேர்விலும் அதுவே வருகிறது. சொல்லைவிட அவர்களுக்குப் பொருள்தான் விளங்காமல் இருக்கிறது. கரிம அணுக்கள் ஓரடுக்காக அமைந்த படலமாகிய கிராஃபீன் பற்றிய 2004-ஆம் ஆண்டுக் கட்டுரை அளவற்ற முறை எடுத்தாளப்பட்டது. அதன் ஆசிரியர்களுள் இருவருக்கு 2010-இல் நோபல் பரிசும் கிடைத்தது. எனினும் ஒருவருடைய எச் சுட்டெண்ணில் அந்த ஒரு கட்டுரை ஒன்றுக்கு மேல் கூட்டுவதில்லை. இதைச் சொல்லித்தரத் தடையாக இல்லாத எந்தச் சொல்லும் எனக்குச் சம்மதமே. கோத்தகிரி அம்மாவின் சொல்லுக்கு என் வாக்கு.

உதகமண்டலத்திலிருந்து:

மிக்க நன்றி. நாளை அச்சகம் திறந்ததும் தாளைக் கொடுக்க வேண்டும். 'எடுத்தாளப்பட்ட' என்றே எழுதிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் அருகே சைட்டேஷன் என்றும் சேர்த்திருக்கிறேன். கொடைக்கானல் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து:

குறிப்பு அச்சேறட்டும். ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சூரியக் கரும்புள்ளியின் புறநிழலில், அதாவது அதன் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில், வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் எங்கள் ஊர் வானாய்வகத்தில்தான் கண்டறிந்தார். இன்று கரும்புள்ளி ஆய்வாளர்கள் எவர்ஷெட் விளைவை இயல்பாக எடுத்தாளுகிறார்கள். ஆனால் அந்த 1909 கட்டுரையைப் பட்டியலில் காட்டாமலே பலர் எழுதிவிடுகிறார்கள். சைட்டேஷன்களை எண்ணக் கார்ஃபீல்டு என்பவர் 1960-களில் தொடங்கிவைத்த கணக்கு முறை, பட்டியலில் காட்டப்பட்டதை மட்டுமே எண்ணும். எவர்ஷெட் எடுத்தாளப்படுகிறார், சுட்டப்படுவதில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், அவருக்கு நேர்ந்ததைத் தமிழில் எப்படிச் சொல்வது?