லூயிஜி கொர்ரீனியின் கையெழுத்து: 9,000 ரூபாய் பெறுமா?

சுந்தர்_மாக்கி:
ஐரோப்பிய ஏலத் தளம் ஒன்றில் இரண்டாம் உலகப்போர் இத்தாலிய விமானி லூயிஜி கொர்ரீனி கையெழுத்திட்ட படம் வந்திருக்கு. மாக்கி 205 என்கிற போர் விமானத்துக்குப் பக்கத்துல நிற்கிற இளவயசுப் படம், கீழே நீல மையில் கையெழுத்து. "19 வெற்றிகள்", அதாவது வீழ்த்தின எதிரி விமானம் 19 என்று அச்சடிச்சிருக்கு. தபால் செலவெல்லாம் சேர்த்து நம்ம காசுக்கு 9,000 ரூபாய். விற்கிறவர் சான்றிதழும் தர்றேன்கிறார். வாங்கலாம்னு முக்கால்வாசி முடிவு பண்ணிட்டேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

பழையதாள்:
எனக்கு இருக்கு தம்பி. கொர்ரீனி 1917ல் பிறந்து 2014 நவம்பரில், 97 வயசில் போய்ச் சேர்ந்தவர். போர் முடிஞ்சு கிட்டத்தட்ட எழுபது வருஷம் கையில் பேனா பிடிச்சிருக்கார். நீங்க பார்க்கிறது பழைய படத்தோட மறுபிரதி, அதில் வயசான காலத்தில் போட்ட கையெழுத்து. அதை நினைவுப்பொருள்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். போர்க்கால ஆவண விலைக்கு விற்கிறதுதான் அநியாயம்.

அபூர்வம்னா தெரேசியோ மார்த்தினோலி. அவரும் இத்தாலிய விமானிதான், 22 வெற்றி கணக்கில் உள்ளவர், 1944 ஆகஸ்டில் ஐராகோப்ரா விமானப் பயிற்சியில் செத்துப்போனார். ஃப்ராங்கோ லுக்கீனி, லியோனார்தோ ஃபெர்ருல்லி இரண்டு பேரும் 1943 ஜூலை 5, ஒரே நாளில் சிசிலி மேல சண்டையில் விழுந்து செத்தாங்க. இவங்க யாரும் ரசிகர்களுக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவங்க இல்லை. கிடைச்சா ஒரு கடிதமோ பறப்புப் பதிவேட்டில் ஒரு வரியோதான் கிடைக்கும்.

ரேவதி_சேகரம்:
சார், நீங்க எப்பவும் செத்தவங்களுக்கே விலை ஏத்துவீங்க :) கம்மியா இருக்கிறதெல்லாம் விலை போயிடுமா? கேட்க ஆள் வேணும். மார்த்தினோலி பேரை இத்தாலிக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? கொர்ரீனி அப்படி இல்லை. 1940ல் பெல்ஜியத்திலிருந்து ஃபியட் சி.ஆர். 42 என்கிற இரட்டை இறக்கை விமானத்தில் இங்கிலாந்துக்கு எதிராப் பறந்த படைப்பிரிவு அவரோடது. அப்புறம் வட ஆப்பிரிக்கா. 1943 கோடையில் ரோமுக்கு மேல அமெரிக்க நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்களோட மோதல். இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா மூணு நாட்டு சேகரிப்பாளர்களும் தேடுற பேர்.

இன்னொண்ணு. அவர் நிறையக் கையெழுத்துப் போட்டது வாங்குறவருக்கு நல்லதுதான். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி கொட்டிக் கிடக்கு. மார்த்தினோலின்னு சொல்லி ஒருத்தர் ஒரு தாளை நீட்டினா எதை வச்சு ஒப்பிடுவீங்க?

பழையதாள்:
மாதிரி கொட்டிக் கிடந்தா போலி போடுறவனுக்கும் பயிற்சி எடுக்க வசதி மேடம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அப்புறம் "பிரிட்டன் சண்டையில் (1940ல் இங்கிலாந்து வானத்தில் நடந்த விமானப்போர்) பறந்தவர்" என்று போட்டு விலை ஏத்துறாங்களே, அது தனி வேடிக்கை. பிரிட்டிஷ்காரங்க கணக்கில் அந்தச் சண்டை 1940 அக்டோபர் 31ல் முடிஞ்சுபோச்சு. இத்தாலியர்கள் பெரிசா அடிபட்டது நவம்பர் 11. அன்னைக்கு ஆர்ஃபர்ட் நெஸ் கடற்கரையில் இறங்கின சி.ஆர். 42 ஒண்ணு இன்னும் பிரிட்டிஷ் விமானப்படையோட ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்தில் இருக்கு.

கணக்கு_வாத்தியார்:
சண்டை போடுங்க, ஆனா அந்த 19ஐ யாரும் தொடலையே. இத்தாலிய விமானப்படை போரின் பெரும்பகுதியில் வீழ்த்தின கணக்கைப் படைப்பிரிவு பேரில்தான் எழுதியது, தனி ஆள் பேரில் இல்லை. நாம இன்னைக்குப் பார்க்கிற தனிநபர் பட்டியலெல்லாம் பறப்புப் பதிவேடு, படைப்பிரிவு நாட்குறிப்பு, விமானிகளோட நினைவு இதையெல்லாம் வச்சுப் பின்னாடி சேர்த்தது. கொர்ரீனிக்கு 19 என்பது பொதுவாகச் சொல்றது, 24 என்று எழுதுறவங்களும் இருக்காங்க. இன்னொரு இத்தாலிய விமானி அத்ரியானோ விஸ்கோன்தி கதை இன்னும் மோசம். பழைய புத்தகத்தில் 26. ஆவணத்தோட வச்சுப் பார்த்த ஆய்வாளர்கள் 10க்குக் கொண்டுவந்துட்டாங்க.

இப்போ படத்துக்குக் கீழே 19 என்று அச்சடிச்சது யாரு? விற்கிறவரா, கொர்ரீனியா? அந்த எண்ணுக்கு எவ்வளவு, மைக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க சுந்தர்.

சுந்தர்_மாக்கி:
வாத்தியாரே, எண்ணுக்காக வாங்கலை. மாக்கி 205 மேல பைத்தியம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் மாடல் ஒட்டிட்டு இருக்கேன். பக்கத்துல அதை ஓட்டினவர் கையெழுத்து இருக்கணும்னு ஆசை.

தோழர்_குமரன்:
ஆசை சரி. அந்த 19ல் நாலு எங்கே வந்ததுன்னு யாராவது பேசுவீங்கன்னு பார்த்தேன். 1943 செப்டம்பர் 8ல் இத்தாலி போர்நிறுத்தம் அறிவிச்சது. அதுக்கப்புறம் முசோலினியை வச்சு ஜெர்மன்காரங்க வடக்கே நடத்தின சாலோ அரசுக்கு ஒரு விமானப்படை இருந்தது. கொர்ரீனி அதில் சேர்ந்தார், அந்த நாலும் அங்கே வந்ததுதான். அதே மார்த்தினோலி தெற்கே நேச நாடுகள் பக்கம் போனார், அங்கேதான் செத்தார். இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே தேர்வு இருந்தது. சந்தையில் அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. நிறைய விமானம் வீழ்த்தினவர்னு சொல்ற "ஏஸ்" என்கிற முத்திரை மட்டும் பளபளன்னு இருக்கும். இந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டி வைக்கிறவர் எதை மாட்டுறோம்னு தெரிஞ்சு மாட்டட்டும்.

ரேவதி_சேகரம்:
தெரிஞ்சுதான் மாட்டுவோம் தோழர். 1943 ஜூலை 19ல் ரோமில் சான் லொரென்ஸோ பகுதி மேல விழுந்த குண்டில் ஆயிரத்துக்கு மேல பொதுமக்கள் செத்தாங்க. சொந்த ஊர் மேல வர்ற குண்டுவீச்சு விமானத்தைத் தடுக்கப் போறேன்னுதான் வடக்கே போன விமானிகள் பலர் சொன்னாங்க. போருக்கப்புறம் இத்தாலியக் குடியரசே கொர்ரீனிக்கு வீரத்துக்கான தங்கப் பதக்கம் கொடுத்தது, விமானப்படையிலும் வச்சுக்கிட்டது. அந்தப் பதக்கம் பெரும்பாலும் செத்தவங்களுக்குக் கிடைக்கிறது. குடியரசுக்கே உறுத்தாதது உங்களுக்கு ஏன்?

தோழர்_குமரன்:
பதக்கம் செப்டம்பர் 8க்கு முன்னால் செய்ததுக்கு. நாலு விமானத்துக்கு இல்லை. குடியரசு கோடு போட்டுப் பிரிச்சது. ஏலக்காரன் பிரிக்காம மொத்தமா 19னு விற்கிறான். என் புகார் அவ்வளவுதான். ஊரைக் காக்கத்தான் போனேன்னு சொன்னதை நம்புறவங்க, அந்த அரசு வடக்கே யூதர்களை என்ன செய்ததுன்னும் படிங்க. வாங்காதீங்கன்னு நான் சொல்லலை.

பழையதாள்:
அரசியலை அவங்க பார்த்துக்கட்டும். சுந்தர், நாம பொருள் விஷயத்துக்கு வருவோம். அந்தச் சான்றிதழ் யார் கொடுத்தது? விற்கிறவரே கொடுத்தா அது ரசீது மாதிரிதான், தேங்காய் விற்கிறவர் "இளசு"ன்னு எழுதிக் கொடுத்த சீட்டு. மூணாம் மனுஷர் பார்த்திருக்கணும்.

படத்தை இன்னும் பெரிசா அனுப்பச் சொல்லுங்க. லைட்டைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கப்போட்டு எடுத்த படம் வேணும். பால்பாயின்ட்னா பளபளப்பான தாளில் மெல்லிசா ஒரு பள்ளம் விழும், கோடு திரும்புற இடத்தில் மை குழம்பி நிற்கும். ஸ்கெட்ச் பேனான்னா பள்ளம் இருக்காது, ஆனா கோடு மேல கோடு ஏறின இடம் கருத்து நிற்கும். பிரிண்டரில் அடிச்ச கையெழுத்துன்னா லென்ஸ் வச்சா புள்ளி புள்ளியா உடைஞ்சுடும். வயசானவர் கை நடுக்கம் ஒரே சீரா இருக்காது. வேகமா இழுக்கிற இடத்தில் நேராகும், நிதானிக்கிற இடத்தில் ஆடும். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி ஆடினா சந்தேகப்படுங்க.

போர்க்காலத்துதுன்னு சொல்லி யாராவது விற்றா வேற சோதனை. 1943 தேதி போட்ட பால்பாயின்ட் கையெழுத்துன்னா கதவைச் சாத்திடலாம், அந்தப் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 கடைசியில்தான். கள்ளநோட்டு பார்க்கிற யூவி லைட்டைப் படத்தாள் மேல அடிங்க. பளிச்சுன்னு நீலமா ஒளிர்ந்தா ஏறக்குறைய 1950க்குப் பிந்தின தாள். ஒளிரலைன்னா பழசுன்னு அர்த்தம் இல்லை, பழசா இருக்கலாம், அவ்வளவுதான்.

ரேவதி_சேகரம்:
இதில் சார் சொல்றது அத்தனையும் சரி, விலை விஷயத்தில் மட்டும்தான் சண்டை. ஒரு படத்தில் எழுதின நாலு வரி எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க. முதல் உலகப்போரில் 34 விமானம் வீழ்த்தி 1918ல் செத்த ஃப்ரான்செஸ்கோ பராக்காவோட துள்ளும் குதிரைச் சின்னத்தை அவர் பெற்றோர்தான் என்ஸோ ஃபெராரிக்குக் கொடுத்தாங்க. அவங்க எழுதிக் கொடுத்த பராக்கா படத்தைப் பத்திரமா வச்சிருக்கிறதா ஃபெராரியே சொல்லியிருக்கார். அதில் விமானியோட எழுத்தே கிடையாது! அதுக்கு என்ன விலை போடுவீங்க?

பழையதாள்:
யார் கையிலிருந்து யார் கைக்கு வந்ததுன்னு தெரிஞ்சதால்தான் அதுக்கு மதிப்பு. சுந்தரோட படத்துக்கு அந்தச் சங்கிலி எங்கே? கொர்ரீனிக்கு எழுதின கடிதம், அவர் திருப்பி அனுப்பின உறை, இத்தாலியத் தபால் முத்திரை, ஏதாவது ஒண்ணு இருக்கா? இருந்தா 9,000 தாராளம்.

சுந்தர்_மாக்கி:
கேட்டேன். உறை இல்லையாம், ஒரு கண்காட்சியில் நேரில் வாங்கினதாம். பக்கவாட்டு லைட் போட்ட படம் அனுப்பினார். பள்ளம் தெரியுது. Gorrini என்கிற பேரோட பெரிய "G" வளைவில் மை திரண்டிருக்கு, கடைசி இரண்டு எழுத்து ஆட்டத்தோட வேகமா ஓடுது. 6,000க்குக் கேட்டிருக்கேன், கீழே 19ம் வேண்டாம், வெறும் பேர் போதும்னு சொன்னேன்.

கணக்கு_வாத்தியார்:
19ஐ எப்படிப்பா பிரிச்சுக் கொடுப்பார், அது அச்சில்ல?

சுந்தர்_மாக்கி:
ஃப்ரேம் போடும்போது அட்டையை ஒரு விரல்கடை உயர்த்திக்கிறேன் சார், மறைஞ்சுடும்.

தோழர்_குமரன்:
மறைக்கிறதுதான் இதுவரைக்கும் நடந்தது :)

பழையதாள்:
உறை இல்லாம 4,000க்கு மேல ஒரு பைசா ஏறாதீங்க.

ரேவதி_சேகரம்:
6,000 நியாயம்தான். படியலைன்னா லிங்க்கை எனக்குத் தட்டி விடுங்க சுந்தர்.