ரம்பொடை ஏற்றத்தில் மூச்சு வாங்கிய கெப்

நுவரெலியாவில் இருந்து:

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது. கரட்டும் லீக்ஸும் தம்புள்ளையில் இறக்கிவிட்டு வெறும் டபிள் கெப்போடு திரும்பி வருகிறேன். புசல்லாவை வரை ஒரு குறையும் இல்லை. ரம்பொடை தாண்டி வளைவு தொடங்கியதும், மூன்றாம் கியரில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன். அவ்வளவுதான், வண்டி சோர்ந்துவிட்டது. என்ஜின் லைட் எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கிறது! லபுக்கலை வருவதற்குள் மறுபடி அதே கதை.

கராஜில் பொனட்டைத் திறந்ததுமே "டர்போ போச்சு, மாத்தணும்" என்றார்கள். புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான்தான் டர்போ. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணெய் கசிவு இல்லை, ஊளைச் சத்தம் இல்லை, தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இல்லை. ஸ்கேனரில் பார்த்தால் பி0234 என்ற பழுதுக் குறி, அதாவது பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. பூஸ்ட் போதாமல் வண்டி சோரவில்லை. கூடிப்போனதால் என்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே கழுத்தைப் பிடித்திருக்கிறது.

நம் பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வாயைக் கையால் பாதி அடைத்தால் அதே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். டர்போவுக்குள் வட்டமாக இருக்கிற சின்ன இதழ்கள் செய்வதும் அதுதான். சுற்று குறைவாக இருக்கையில் நெருங்கி நின்று புகையை வேகமாகச் சக்கரத்தில் அடிக்கும், சுற்று ஏற ஏற விரிந்து வழிவிடும். என் வண்டியில் அவை கரி பிடித்து, நெருங்கிய நிலையிலிருந்து நேரத்துக்கு விரிய மறுத்தன. இதழ்களை நெருக்கிப் பிடிப்பது வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை. சாவியை அணைத்ததும் அது இறங்கி ஸ்பிரிங் இதழ்களை மெல்ல விரித்துவிடும், அதனால்தான் மறுபடி சரியாகிற மாதிரி ஒரு நாடகம்.

வெக்யூம் கைப் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி எக்சுவேட்டரில் (வெக்யூமில் கம்பியை இழுத்து இதழ்களை அசைக்கிற டப்பா) மாட்டினேன். பம்பின் மீட்டர் ஊசி அசையாமல் நிற்கிறது, ஆக உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு, டயஃப்ரம், ஓட்டையில்லை. வெக்யூமை விட்டதும் கம்பி வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பாதி வழியில் நின்று, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டியதும் 'டக்' என்று போய் விழுந்தது. டர்போவைக் கழற்றிப் பார்த்தால் இதழ் வளையத்தைச் சுற்றி அடுப்புக் கரி மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதோடு சரி. இதழ் நிற்கும் எல்லையை வைக்கிற குட்டி ஸ்க்ரூவை மட்டும் தொடவே இல்லை.

பண்டாரவளையில் இருந்து:

எனக்கு இதற்கு நேர் எதிர், அண்ணே. பெரகலையிலிருந்து அப்புத்தளை ஏற்றத்தில் அடியில் இழுவையே இல்லை, சுற்று 2500 தாண்டினால்தான் உயிர் வரும். ஒரு கராஜில் எக்சுவேட்டர் கம்பியைச் சுருக்கி வைத்துவிட்டார்கள். இதழ் எப்போதும் கொஞ்சம் நெருங்கியே நிற்பதால் அடி இழுவை வந்தது, எனக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டரிக்குப் பின்னால் வெக்யூம் ஹோஸை எலி கடித்திருக்கிறது. ஹோஸ் மாற்றியதும் உங்களுக்கு வந்த அதே பி0234. கம்பியை எத்தனை சுற்றுச் சுருக்கினார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பழைய இடத்துக்குக் கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு சாண் ஹோஸுக்கு வந்த வினை.

ஹட்டனில் இருந்து:

மேட்டுநிலத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவி மட்டும் போட்டு ஸ்கேனரில் பிரஷரைப் பாருங்கள். கொழும்பில் 101 கிலோபாஸ்கல் அளவில் காட்டும். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே 81 அளவுதான். அது சென்சர் பழுது இல்லை, காற்றே அவ்வளவுதான். ஆக 200 வரை ஏற்ற வேண்டுமென்றால் கொழும்பில் இரண்டு மடங்கு அமுக்கினால் போதும், மேலே ஏறக்குறைய இரண்டரை மடங்கு. டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் உயரம் ஏற ஏற கம்ப்யூட்டர் பூஸ்ட் இலக்கைக் குறைப்பது உண்டு. கீழே ட்யூனிங் பெட்டி போட்டு பூஸ்ட் கூட்டிவிட்டு மேலே வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று, மேல் கியரிலேயே முக்கி முக்கி ஏறாதீர்கள். இதழ் நெருங்கியே நிற்கும், புகை போக வழியில்லாமல் சூடு ஏறும். ஒரு கியர் குறையுங்கள்.

நுவரெலியாவில் இருந்து:

எலியா! நானும் இன்றைக்கே பட்டரிக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். கியர் விஷயத்தில் குற்றவாளி நான்தான், டீசல் மிச்சம் என்று நான்காம் கியரிலேயே உருட்டிக்கொண்டு வருவேன். கழுவி மாட்டியதற்குப் பிறகு எட்டு மாதமாக அந்த லைட் எரியவில்லை. எஞ்சின் குளிரும் முன் கம்பி இறங்கி நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை குனிந்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டுத் தாத்தா "என்ன தம்பி, மாட்டுக்குப் பால் கறக்கிறியா?" என்று கேட்கிறார்.